தாழ்மை என்ற பெயரில்

நம் சபைகளில் "தாழ்மை" என்ற சொல்லைப் போல மலிந்துபோன சொல் வேறொன்று இல்லை. கன்வென்ஷன் நோட்டீஸைப் பாருங்கள். "தாழ்மையுடன் அழைக்கும்" என்று கீழே இருக்கும். மேலே பத்தடி உயரத்துக்குப் பிரசங்கியாரின் படம், பளபளக்கும் கோட்டு, பின்னால் மின்னல். பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் மூன்று. மேடை ஏறியதும் முதல் வாக்கியம், "நான் ஒன்றுமில்லாதவன், குப்பை, தூசி." இப்படித் தன்னைத் தூசி என்று சொல்லிக்கொள்பவரிடம் போய், "ஐயா, போன வருஷம் நீங்கள் சொன்ன இன்ன காரியம் தப்பாகப் போய்விட்டதே" என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தூசி எப்படிச் சீறுகிறது என்று தெரியும்.

ஓய்வுபெற்றவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ஐம்பது அறுபது வருடமாக ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள் நாம். இதை நாம் பேசாமல் யார் பேசுவது?

என் வாதம் சின்னது. பொதுவாகத் தன்னைத் தாழ்த்திப் பேசுவதற்கும் தாழ்மைக்கும் சம்பந்தமில்லை. "நான் பாவி" என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் சொல்கிறார். "போன மாதம் பதினைந்தாம் தேதி நான் சொன்னது தவறு, அதனால் இன்னாருக்கு நஷ்டம்" என்று சொல்லத்தான் செலவாகும். நம் ஆராதனையில் முதல்வகைப் பாவ அறிக்கை வாரந்தோறும் உண்டு. நாங்கள் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் முழங்காலில் நின்று ஒரே குரலில் சொல்கிறோம். கத்தோலிக்கச் சகோதரர்கள் மார்பில் தட்டிக்கொண்டு சொல்கிறார்கள். ஆராதனை முடிந்து கமிட்டி கூடியதும் இரண்டாவது வகைக்கு இடமே கிடையாது. அங்கே எல்லாரும் நீதிமான்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் நடந்தது. ஸ்தோத்திரப் பண்டிகைக் கணக்கில் பந்தல் செலவு இரண்டு இடத்தில் ஏறியிருந்தது. வேண்டுமென்று செய்ததல்ல, கைத்தவறுதான். ஒரு வாலிபன் பொதுக்கூட்டத்தில் எழுந்து மரியாதையாகவே சுட்டிக்காட்டினான். "கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி, ஒங் கண்ணுதான் சரியில்ல" என்றார் பொறுப்பில் இருந்தவர். கூட்டம் சிரித்தது. அடுத்த மாதம் கணக்கு சத்தமில்லாமல் திருத்தப்பட்டது. அந்தப் பையன் அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பதிவேட்டில் ஒரு எண் தவறாக விழுந்துவிட்டால் அதைச் சுரண்டக் கூடாது, மேலே மை பூசக் கூடாது, அதன் மீதே திருத்தி எழுதவும் கூடாது. தவறான எண் தெரியும்படியாக ஒரே ஒரு கோடு. மேலே சரியான எண். பக்கத்தில் கையெழுத்து, தேதி. யார் தவறு, எது தவறு, எப்போது திருத்தினார்கள் என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். சுரண்டி எழுதிய ஏட்டை ஆடிட்டர் கண்டால் அந்தப் பக்கத்தை மட்டுமல்ல, முழு ஏட்டையுமே சந்தேகப்படுவார். சர்க்கார் ஆபீசில் இருக்கிற இந்தச் சாதாரண நேர்மை சபைக்கு வேண்டாமா?

வேதாகமத்தில் இதற்கு இரண்டு ராஜாக்கள் உதாரணம். சவுலைப் பாருங்கள். அமலேக்கியரின் ஆடுமாடுகளில் எதையும் மிச்சம் வைக்காதே என்பது கட்டளை. நல்ல கொழுத்தவற்றை வைத்துக்கொண்டான். சாமுவேல் வருகிறார். கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்கிறான் சவுல். பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருக்கின்றன! வேதத்தில் இதைவிட நகைச்சுவையான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆட்டுச் சத்தம் கேட்கிறதே என்றதும் ஜனங்கள் மேல் பழி. அடுத்து, பலி செலுத்தத்தான் வைத்திருக்கிறோம் என்று பக்திக் காரணம். எல்லாம் தீர்ந்த பிறகு பாவம் செய்தேன் என்கிறான். சொன்ன கையோடு, மூப்பர்கள் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கேட்கிறான். பாவ அறிக்கையும் வேண்டும், முன்வரிசை நாற்காலியும் வேண்டும்.

தாவீதின் குற்றம் சவுலுடையதைவிடப் பெரியது. அடுத்தவன் மனைவி, பிறகு அந்த அடுத்தவனின் கொலை. நாத்தான் கதை சொல்லி விரலை நீட்டியதும் தாவீது ஜனங்களைக் காட்டவில்லை. இன்றைக்கும் 51-ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள். எந்தச் சந்தர்ப்பத்தில் பாடியது என்று பத்சேபாளின் பெயரோடு எழுதியிருக்கிறது. அதைப் பாடகர் தலைவனிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ராஜாவின் அந்தரங்கக் குற்றம், பெயர் சொல்லி, ஆலயத்தில் பாடும் பாட்டாகிவிட்டது. நம் ஊரில் என்றால் தலைப்பை வெட்டிவிட்டு பாட்டை மட்டும் அச்சடித்திருப்பார்கள்.

சகேயுவும் அப்படித்தான். மரத்திலிருந்து இறங்கியவன் அழுது புரளவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியவனுக்கு நாலு மடங்கு என்று கணக்குச் சொன்னான். வரி வசூல்காரன் அல்லவா, எண்ணில் பேசத் தெரிந்தவன்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். உயிர் போகிற விஷயம்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணாச்சி இருந்தார். அரிசிக் கடை வைத்திருந்தார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள்தான் வைத்திருந்தார். ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் அவரை மேடைக்கு அழைத்து, தலையில் கை வைத்து, சுகமாகிவிட்டது என்று அறிவித்தார். இனி மாத்திரை சாப்பிட்டால் அது அவிசுவாசம் என்றும் சொன்னார். ஆயிரம் பேர் கை தட்டினார்கள். அண்ணாச்சி மாத்திரையை நிறுத்தினார். நாலு மாதத்தில் கால் விரலில் புண். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வருடம் முடிவதற்குள் அவர் இல்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து அவர் வீட்டம்மா அந்தப் பிரசங்கியாரைத் தேடிப் போயிருக்கிறார். சண்டைக்கு அல்ல, ஒரு வார்த்தை கேட்க. திரும்பி வந்து என்னிடம் சொன்னார். "விசுவாசம் இருந்தா எதுக்கும்மா பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்கன்னு கேட்டாரு தம்பி. நான்தான் கொன்னுட்டேன் போல."

"நான்தான் கொன்னுட்டேன் போல." தவறே செய்யாத அந்த அம்மாள் தலையில் பாவத்தை ஏற்றி அனுப்பியிருக்கிறார், தன்னைத் தூசி என்று சொல்லிக்கொள்ளும் மனிதர். நான் சொன்னது தவறு என்ற ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு சுமையாவது இறங்கியிருக்கும். அடுத்த வருடமும் அதே மைதானத்தில் அதே மேடை. பேனர் மட்டும் கொஞ்சம் பெரிசு.

கொரோனா காலத்தில் எத்தனை பேர் எத்தனை சொன்னார்கள் என்று நம் வாட்ஸ்அப்பில் இன்னும் கிடக்கிறது. இந்த வாதை நம் கூடாரத்தை அணுகாது என்று உறுதி சொன்னவர்களின் சபைகளிலேயே 2021-இல் எத்தனை அடக்க ஆராதனைகள்! அதன் பிறகு ஒருவராவது, நான் கர்த்தர் பெயரால் சொன்னது என் சொந்த யோசனை என்று சொல்லி நீங்கள் கேட்டீர்களா? நான் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ஹரால்ட் கேம்பிங் என்று ஒரு வானொலிப் பிரசங்கியார் இருந்தார். 2011 மே 21 அன்று எடுத்துக்கொள்ளப்படுதல் என்று நாள் குறித்தார். நாடு முழுவதும் விளம்பரப் பலகை. வேலையை விட்டவர்கள், சேமிப்பைச் செலவழித்தவர்கள் உண்டு. அந்த நாள் வந்து போயிற்று. அக்டோபர் 21 என்று மாற்றினார். அதுவும் போயிற்று. இதுவரைக்கும் நாம் பார்த்த கதைதான். ஆனால் 2012 மார்ச்சில், தொண்ணூறு வயதில், பக்கவாதத்துக்குப் பிறகு, அந்த மனிதர் ஒரு கடிதம் வெளியிட்டார். நாள் குறித்தது பாவம், அந்த நாள் ஒருவருக்கும் தெரியாது என்ற வசனத்தைக் காட்டி எங்களை எச்சரித்தவர்கள் சொன்னதே சரி, அவர்களுக்கு நாங்கள் செவிகொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஜனங்கள் இழந்த பணத்தை அந்தக் கடிதம் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரை நான் பெரிய ஆளாக்க வரவில்லை. ஆனாலும் தன்னைக் கண்டித்தவர்கள் சரி என்று எழுத்தில் கொடுத்தார். நம் ஊர்த் தீர்க்கதரிசிகளிடம் அந்த அளவுக்குக்கூட எதிர்பார்க்க முடியவில்லையே.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். போதகர்கள், மூப்பர்கள், படித்த பேராசிரியர்கள் எல்லாரும் சொல்வார்கள். "தவறை வெளியில் சொன்னால் பெலவீனமான விசுவாசிகள் இடறிப்போவார்கள். புறமதத்தார் சிரிப்பார்கள். குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள் வைப்போம்." கேட்க அக்கறையாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவிசேஷத்தை எழுதியவர்களுக்கு இந்த அக்கறை இருக்கவில்லையே, ஏன்? பேதுரு மறுதலித்ததை நாலு சுவிசேஷங்களும் எழுதியிருக்கின்றன. சபையின் முதல் தலைவர். ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து அவரைத் தெரியாது என்றார். அவர் மரியாதையைக் காப்பாற்ற நினைத்திருந்தால் நாலில் ஒருவராவது அதை விட்டிருக்கலாம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகி உட்கார்ந்தார். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். அதையும் கலாத்தியருக்கு எழுதி வைத்தார். (யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அங்கேயும் பிரச்சினை. நம் ஊருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது அந்தியோகியா!) இதைப் படித்து இடறியவர் யார்? எனக்குத் தெரிந்து, பேதுருவை நமக்கு நெருக்கமாக்கியதே அந்தச் சேவல் சத்தம்தான்.

அகஸ்டின் தன் இளமைக்கால வாழ்க்கையை வெளிப்படையாக எழுதியது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார், அதை அதிகம் பேர் சொல்வதில்லை. எழுபது தாண்டிய பிறகு, ஹிப்போவின் ஆயராக இருக்கும்போதே, தான் எழுதிய 93 நூல்களையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, இங்கே இப்படிச் சொன்னது சரியில்லை, அங்கே இந்த வசனத்தைத் தவறாக எடுத்துக்கொண்டேன் என்று ஒவ்வொன்றாகக் குறித்து ஒரு புத்தகமே எழுதினார். மேற்கத்திய சபையில் அவரளவு மரியாதை பெற்ற ஆசிரியர் அன்று இல்லை. அவர் சொல்லாவிட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கோடு போட்டு, மேலே எழுதி, கையெழுத்துப் போட்டார். நம் ரயில்வே ஏட்டைப் போல.

மன்னிப்பே கேட்பதில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்கிறார்கள். ஆனால் அதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். நம் தமிழ் இதற்கு வசதியான மொழி. "தவறு செய்தேன்" என்பதற்குப் பதில் "தவறு நேர்ந்துவிட்டது." மழை பெய்தது மாதிரி, தானாக நேர்ந்தது. அடுத்தது "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று ஒரு "இருந்தால்". புண்பட்டவன் எதிரே நிற்கிறான், இருந்தால் என்ன இருந்தால்? செய்தவன் இல்லாத வாக்கியத்தில் செய்யப்பட்ட காரியம் மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

இது பெரிய இடங்களிலும் உண்டு. கலிலியோ விஷயத்தில் 1633-இல் நடந்ததைப் பிழை என்று ரோம் சொல்ல 1992 ஆயிற்று. 2000 மார்ச் 12 அன்று போப் இரண்டாம் ஜான் பால், சபையின் பெயரால் நடந்த குற்றங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார். அதற்கு முன் எந்தப் போப்பும் அப்படிச் செய்ததில்லை, அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனாலும் பாவம் செய்தவர்கள் சபையின் பிள்ளைகள், சபை அல்ல என்ற பேச்சு அதோடு வந்தது. ஆணை பிறப்பித்ததும் ஆசனத்தில் இருந்ததும் யார் என்று கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள்.

காண்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2019 செப்டம்பரில் அமிர்தசரஸ் வந்தார். ஜாலியன்வாலாபாக் நினைவிடத்தில், கொளுத்தும் வெயிலில், நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். படத்தைப் பார்த்து என் கண் கலங்கியது, மறைக்கவில்லை. அந்தக் கொலை 1919-இல் நடந்தது. இவர் பிறப்பதற்கு 36 வருடம் முன்னால். அதே வெல்பியின் மேஜைக்கு ஒரு விஷயம் 2013-லேயே வந்திருந்தது. கிறிஸ்தவ இளைஞர் முகாம்களை நடத்திய ஒரு வக்கீல், ஜான் ஸ்மித் என்பவர், பையன்களைக் கொடூரமாக அடித்துச் சித்திரவதை செய்தவர். அதைப் போலீஸ் வரை வெல்பி கொண்டுபோயிருக்க முடியும், கொண்டுபோயிருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் விசாரணை அறிக்கை வந்தது. முதலில் விலகமாட்டேன் என்றார். எதிர்ப்பு வலுத்த பிறகு, சில நாளில் பொறுப்பேற்று விலகினார். என்றோ செத்துப்போன ஜெனரலின் பாவத்துக்குத் தரையில் விழுந்தவருக்கு, சொந்த மேஜையில் கிடந்த கோப்புக்காக நாற்காலியைவிட்டு எழுந்திருக்க அத்தனை நாள் தேவைப்பட்டது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. விலகினாரே, நம் பக்கத்தில் அதுவும் அபூர்வம். செத்தவர்களின் பாவத்தை அறிக்கை செய்வது எவ்வளவு சுலபம் என்பதற்குச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கதை போதும். நம் மாவட்டத்துக்கு வருவோம்.

காவல்கிணறு பக்கம் வடக்கன்குளம் போயிருப்பீர்கள். அங்கே திருக்குடும்ப ஆலயம் இருக்கிறது. 1872-இல் திறக்கப்பட்டது. முன்னால் நின்று பார்த்தால் விசித்திரமாக இருக்கும். ஒரே பலிபீடத்துக்கு இரண்டு நீண்ட மண்டபங்கள், கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி பிரிந்து வருகின்றன. வெள்ளாளர் ஒரு காலில், நாடார் ஒரு காலில். இரு தரப்பும் பூசையைக் காணலாம், ஒருவரை ஒருவர் காண வேண்டியதில்லை. கட்டியவர்கள் படித்த சேசுசபைக் குருக்கள். சண்டையைத் தீர்க்க வழி தேடியவர்கள். தீண்டாமையைக் கண்டிக்க முடியாமல் அதற்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். கொத்தனார் வேலையில் இவ்வளவு புத்திசாலித்தனம், சுவிசேஷத்தில் இவ்வளவு மறதி!

1910 வாக்கில் கௌசானல் சாமியார் காலத்தில் நடுத்தடுப்பு போயிற்று. சாதித் தரப்பு சும்மா இருக்கவில்லை. தங்களுக்குத் தனி இடம் உரிமை என்று கோர்ட்டுக்குப் போனது. மதராஸ் ஐகோர்ட் வரை போய்த் தோற்றது. கிறிஸ்தவனுக்குச் சபைக்குள் சாதி உரிமை கிடையாது என்பதை நிலைநாட்ட ஐகோர்ட் வேண்டியிருந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. மலைப்பிரசங்கம் போதவில்லை.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் பழகியதும் அவருக்கு எதிரான குற்றச்சாட்டுகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுக்கும்போது, பெயரின் பின்னால் தொங்கிய சாதிப் பட்டம் எடுக்கப்பட்டது. முதலில் அதோடுதான் அறிவிப்பு வந்தது, பலர் எழுதிக் கேட்ட பிறகு நீக்கினார்கள். சாதியை விட்டவருக்குச் சாதிப் பட்டம் ஒட்டியது பிழை என்று ஏற்று ஏட்டைத் திருத்தினார்கள். சின்னக் காரியம்தான். ஆனால் சரியான முறையில் செய்த காரியம்.

புராட்டஸ்டண்ட் நண்பர்கள் இதைப் படித்து ரகசியமாகச் சிரிக்க வேண்டாம். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரில் என்ன நடந்தது? பலர் சபையைவிட்டே போனார்கள், சாதியைவிட்டுப் போகவில்லை. சில வருடம் கழித்து வந்த வேறொரு மிஷன் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மணமகன் தேவை விளம்பரத்தைத் திறந்து பாருங்கள். "சி.எஸ்.ஐ." என்று போட்டு, பக்கத்தில் சாதியையும் போட்டு, "ஆவிக்குரிய வரன் தேவை" என்று கூச்சமில்லாமல் எழுதுகிறோம். தடுப்பைக் கட்டிடத்திலிருந்து எடுத்துக் கல்யாணப் பத்திரிகைக்குள் வைத்துக்கொண்டோம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்த சுவரைப் பற்றி நம் காலத்திலும் போராட்டம் நடந்தது. எலும்புக்கும் சாதி.

இவற்றுக்கெல்லாம் பெயர் சொல்லி, வருடம் சொல்லி, எங்கள் சேகரத்தில் இன்ன காலம்வரை இன்னாரைப் பின்வரிசையில் உட்கார வைத்தோம், அது பாவம் என்று எத்தனை சபைகளின் நூற்றாண்டு மலரில் எழுதியிருக்கிறார்கள்? என் அலமாரியில் அப்படி ஏழெட்டு மலர்கள் இருக்கின்றன. மணிக்கூண்டு கட்டியது, ஆர்கன் வாங்கியது, எந்தெந்த ஐயர் எத்தனை வருடம் இருந்தார் என்பதெல்லாம் இருக்கிறது. வாழ்த்துரையே முப்பது பக்கம். நான் தேடிய பக்கம் ஒன்றிலும் இல்லை.

எங்கள் சபையின் வருடாந்தர அறிக்கையில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், காணிக்கை, கட்டிடப் பணி என்று தலைப்புகள் வரும். அதில் "இந்த ஆண்டு நாம் செய்த தவறுகளும் திருத்தியவையும்" என்று ஒரு தலைப்பு சேர்க்க வேண்டும் என்று பொதுக்கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் வழிமொழிந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேருமே விதவைகள். செயலாளர் வாங்கிப் படித்துப் பார்த்து, "தாழ்மையா ஒண்ணு சொல்றேன் அண்ணாச்சி, இதெல்லாம் வேண்டாமே" என்றார். கூட்டம் மே மாதம் கடைசி ஞாயிறு. நான் திரும்ப வாங்கவில்லை.